பழையபேட்டை பைண்டிங் கடையில் காரன்வாலிஸ் பிரபு

பழைய புத்தகங்களை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, திரையில் படிக்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல் இருக்கிற கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் தயங்காமல் இந்தக் கடைக்குப் போகலாம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில், கோட்டை மலைக்குப் போகிற பக்கம், ஒரு ஷட்டர் அகலம்தான் கடை. முன்னால் ஜெராக்ஸும் பிரிண்டும், உள்ளே தள்ளி பைண்டிங். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் மண்டிக்காரர்களின் பில் புத்தகமும்தான் அன்றாட வேலை. நான் கொண்டுபோனது 1859இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சான, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவின் கடிதங்கள். ஒவ்வொரு தொகுதியும் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் வரும். காப்புரிமை எப்போதோ முடிந்துபோனது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

காப்புரிமை பற்றி நானாகச் சொல்லவில்லை, கடைத் தம்பிதான் முதலில் கேட்டார். "ஐயா, இது கடையில விக்கிற புத்தகமா? அப்படின்னா முழுசா எடுத்துத் தர மாட்டோம்." முகப்புப் பக்கத்தில் வருடத்தைக் காட்டிய பிறகுதான் பென்டிரைவை வாங்கினார். இந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கடைமேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

நான் பத்திரம் எழுதுகிறவன். காலையில் உட்கார்ந்தால் சக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லை), சர்வே எண், வில்லங்கம் என்று நாள் ஓடிவிடும். எங்கள் பக்கத்துப் பழைய மூலப்பத்திரங்களைப் புரட்டினால் கிராமத்தின் பெயரோடு அது எந்த மிட்டாவை, அதாவது எந்தச் சிறு ஜமீனைச் சேர்ந்தது என்றும் எழுதியிருக்கும். மிட்டாதார் வீடு, மிட்டாதார் கிணறு என்று இன்றைக்கும் சில ஊர்களில் சொல்கிறார்கள். இந்த மிட்டா எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனதில்தான் காரன்வாலிஸிடம் போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் 'நிலையான நிலவரித் திட்டம் 1793' என்று ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்த பெயர். அந்த ஆள் யார், எப்படிப்பட்ட நிலத்திலிருந்து வந்தவர் என்று பாடப்புத்தகத்தில் எவரும் சொல்லவில்லை.

சரி, முதலில் கடை வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் கிடைக்கிற ஸ்கேன்களில் பக்கத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு விழுந்திருக்கும். அப்படியே அச்சடித்தால் மையும் வீண், பார்க்கவும் துக்கப் பத்திரிகை மாதிரி இருக்கும். தம்பி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த விளிம்பையெல்லாம் வெட்டி, எழுத்துப் பகுதியை மட்டும் நடுவில் வைத்தார். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வருகிற ஏ5 அளவுதான் சரி என்றும் அவரே சொன்னார். மூலப்புத்தகமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் என்பதால் அடிக்குறிப்புகளின் பொடி எழுத்து கூட அழியாமல் வந்திருக்கிறது. இந்தப் புத்தகத்தில் அடிக்குறிப்பு முக்கியம். கடிதத்தில் வருகிற ஒவ்வொரு ஆளும் யார், யாருக்கு மகன், எப்போது செத்தார் என்பதெல்லாம் கீழேதான் இருக்கிறது.

பைண்டிங்கில்தான் இந்தக் கடையின் அருமை தெரியும். பல இடங்களில் தாள்களை அடுக்கி, முதுகில் சூடான பசையைத் தடவி, அட்டையை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். விரித்துப் படித்தால் முதுகு வெடித்து, பக்கம் பக்கமாகக் கையோடு வரும். இங்கே உள்ளே இருக்கிற பெரியவர் பழைய முறையில் செய்கிறார். நாலு தாளைச் சேர்த்து மடித்தால் பதினாறு பக்கம், அது ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பின் நடுவில் ஊசி கோத்துத் தைத்து, அடுத்த பாரத்தோடு முடிச்சுப் போட்டு இணைக்கிறார். மெழுகு தடவிய நூல். முதுகில் மெல்லிய துணி ஒட்டி, அதன்மேல் அட்டை, அதன்மேல் காலிகோ துணி. பசை மைதாவில் காய்ச்சியது, மயில்துத்தம் கலந்திருப்பதால் லேசாக நீலம் ஓடியிருக்கும். பூச்சி வராது. சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் பழைய வால்யூம்களைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பசையின் நிறமே நம்பிக்கை தந்தது.

இப்படித் தைத்த புத்தகம் மேசைமேல் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மல்லாந்து கிடக்கும். இடது கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை, வலது கையில் பென்சில் வைத்துக்கொள்ளலாம். நான் படித்த விதத்துக்கு இது ரொம்பத் தேவைப்பட்டது.

முதல் தொகுதி. சார்லஸ் காரன்வாலிஸ் 1738 டிசம்பர் 31ஆம் தேதி லண்டனில் பிறந்தவர். குடும்பத்தின் நிலம் சஃபோக் பகுதியில், புரோம், கல்ஃபோர்டு என்ற ஊர்களைச் சுற்றி. ஈட்டனில் படிக்கும்போது ஹாக்கி விளையாட்டில் கண்ணில் அடிபட்டு, அந்தக் கண் கடைசிவரைக்கும் சரியாகவில்லை. அடித்த பையன் பின்னால் டர்ஹாம் பிஷப் ஆனான் என்பதும் குறிப்பில் இருக்கிறது. 1760இல் ஐ என்ற சிறு தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். அது குடும்பத்தின் கைக்குள் இருந்த தொகுதி. 1762இல் அப்பா இறந்ததும் பட்டமும் நிலமும் இவருக்கு வந்தன. இருபத்து மூன்று வயதில் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திக் கோடு போட்டேன். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு எந்தச் சட்டம் வேண்டுமானாலும் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 1766இல் பாராளுமன்றம் தீர்மானம் கொண்டுவந்தபோது, எதிர்த்து வாக்களித்த பிரபுக்கள் ஐந்தே பேர். அதில் இவர் ஒருவர். அதே ஆள் பத்து வருடம் கழித்து அதே அமெரிக்கர்களை அடக்கப் படையோடு கப்பலேறுகிறார். ராஜா கூப்பிட்டால் போக வேண்டும் என்பது அவர் வளர்ந்த விதம். நடுவில் மனைவி ஜெமைமாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பினார். 1779 பிப்ரவரியில் அந்த அம்மா இறந்துபோனார். இரண்டு சின்னக் குழந்தைகள். அதற்குப் பிறகு தம்பிக்கு அவர் எழுதியிருக்கிற வரிகளைப் படிக்கும்போது இவர் கவர்னர் ஜெனரல், படைத்தளபதி என்பதெல்லாம் மறந்துபோகும். மறுபடி அமெரிக்கா போனார். 1781 அக்டோபர் 19ஆம் தேதி யார்க்டவுனில் சரணடைந்தார். கைதி மாற்றத்தில் இவருக்கு ஈடாக விடுவிக்கப்பட்டவர் லண்டன் டவர் கோட்டையில் அடைபட்டிருந்த அமெரிக்கத் தலைவர் ஹென்றி லாரன்ஸ். அந்த டவரின் காவல் தலைவர் பதவி அப்போது யாரிடம் இருந்தது என்றால், இதே காரன்வாலிஸிடம்தான்.

தோற்றுத் திரும்பிய தளபதியை 1786இல் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். முன்பே கேட்டபோது மறுத்தவர், கவர்னர் ஜெனரல் பதவியும் படைத் தலைமையும் ஒரே கையில் தருவதாக இருந்தால்தான் வருவேன் என்று சொல்லி, அதன்படியே வாங்கிக்கொண்டு வந்தார். கல்கத்தாவிலிருந்து மகனுக்கு எழுதிய கடிதங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. விடிகிற நேரத்தில் குதிரையேறுவது, பிறகு முழுநாளும் வேலை, நேரத்தோடு படுக்கை, எல்லாம் கடிகாரம் போல் நடக்கிறது என்று எழுதுகிறார். கார்ட்டர் என்ற, ராஜா தருகிற உயர்ந்த விருது கிடைத்ததைப் பற்றிச் சொல்லும்போது, அது இல்லாமலே நன்றாகச் சாப்பிட்டிருப்பேன், நன்றாகத் தூங்கியிருப்பேன் என்கிறார்.

இரண்டாம் தொகுதிதான் நமக்கானது. திப்பு சுல்தானோடு நடந்த மைசூர்ப் போர் இதில் வருகிறது. இந்தத் தொகுதியில்தான் கடையின் குறையும் வந்தது. ஒரு பாரம் தலைகீழாக மடிந்து தைக்கப்பட்டிருந்தது, பதினாறு பக்கம் முன்பின்னாக. திரும்பக் கொண்டுபோனபோது பெரியவர் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. "குடுங்க சார், நம்ம கை வேலைதானே" என்று வாங்கி, முதுகைப் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆனால் சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை. பள்ளி, கல்லூரி ப்ராஜெக்ட் சமயத்தில் நம் வேலை பின்னால் தள்ளப்படும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை கடையுடையது அல்ல, ஸ்கேனுடையது. மூலப்புத்தகத்தில் மடித்து வைத்திருக்கிற படங்களை, ஸ்கேன் செய்தவர்கள் பல சமயம் விரிக்காமலே எடுத்துவிடுவார்கள். வரைபடம் வேண்டும் என்றால் தனியாகத் தேடி எடுத்து, ஏ3 தாளில் அடித்து, கடைசியில் மடித்து ஒட்டித் தரச் சொல்லுங்கள். இந்தக் கடையில் ஏ3 உண்டு.

இனி போர். 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்துவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனவர், வண்டி மாடுகள் செத்து விழ, தீவனமும் தானியமும் இல்லாமல், கோட்டையை உடைக்கக் கொண்டுபோன பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அப்புறம் அவர் செய்த முதல் காரியம் நம் ஊர்ப்பக்கம் வந்ததுதான். ஆற்காட்டுப் பக்கத்துச் சமவெளியிலிருந்து (அன்றைக்கு அதற்குத்தான் கர்நாடகம் என்று பெயர்) தானிய வண்டிகள் மேலே ஏறிவர வேண்டும் என்றால் பாலக்கோடு கணவாய் கையில் இருக்க வேண்டும். ஜூலையில் ஓசூர் விழுந்தது, அதே மாதம் ராயக்கோட்டையும் விழுந்தது. பாலக்கோடு என்றால் தக்காளி மண்டியும் சர்க்கரை ஆலையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஒரு பெரிய போரின் வயிறு அந்த வழியாகத்தான் நிரம்பியது.

கிருஷ்ணகிரி மட்டும் விழவில்லை. 1791 நவம்பர் 7ஆம் தேதி இரவு காரன்வாலிஸின் அதிகாரி மேக்ஸ்வெல்லின் படை பேட்டையைப் பிடித்து, ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே மேல்கோட்டை வாசல் வரை போனது. மேலே இருந்தவர்கள் கற்களை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் நொறுங்கின, படை திரும்பியது. அந்தப் பேட்டைதான் இந்தக் கடை இருக்கிற பழையபேட்டை. கடை வாசலில் நின்று நிமிர்ந்தாலே அந்தப் பாறைச் சரிவு தெரியும். அதில் ஏணியோடு இருட்டில் ஏறுவது என்ன காரியம் என்று மலையேறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோட்டை போரில் கிடைக்காமல் பேப்பரில் கிடைத்தது. 1792 மார்ச் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்தார், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார், இரண்டு சின்ன மகன்களைப் பணயமாக அனுப்பினார். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமான பாரமகால், சேலம், திண்டுக்கல், மலபார் எல்லாம் கம்பெனிக்கு. போர்ச் சொத்தில் தனக்கு வர வேண்டிய பெரிய பங்கை காரன்வாலிஸ் வாங்கிக்கொள்ளாமல் படையினருக்கே விட்டுக்கொடுத்தார். அந்தப் பையன்களைக் கையேற்கிற காட்சி சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிற அவர் சிலையின் பீடத்தில் செதுக்கியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்ததைப் பெருமையாகச் செதுக்கி வைக்க ஒரு மனசு வேண்டும். அந்தச் சிற்பத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

நிலம் கைக்கு வந்துவிட்டது. யாரை வைத்து ஆள்வது? சென்னையில் இருந்த கம்பெனி சிவில் அதிகாரிகளுக்கு நம் மொழிகள் தெரியாது, நம்பவும் முடியாது என்பது காரன்வாலிஸ் கணக்கு. அதனால் மொழி தெரிந்த ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் ரீடைப் பாரமகாலுக்குப் பொறுப்பாக நியமித்தார். உதவிக்கு தாமஸ் மன்றோ, மெக்லியோட், கிரகாம் என்று மூன்று ராணுவ அதிகாரிகள். ரீடு திருப்பத்தூரில், மன்றோ தர்மபுரியில். மன்றோ 1792 முதல் 1799 வரை இந்த மண்ணில் ஊர் ஊராகக் குதிரையில் போய், நிலத்தை அளக்க வைத்து, உழுகிறவனை உட்கார வைத்துப் பேசினார். தர்மபுரியில் தோட்டம் போட்டு அதில் தினமும் நேரம் செலவழித்தார். உழுகிறவன் பேரிலேயே வரி என்ற ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. இன்றைக்கு நான் எழுதுகிற ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் தனியாள் பெயரில் பட்டா எண் போடுகிறேனே, அதன் வேர் இந்த நால்வரின் வேலையில் இருக்கிறது. அவர்களைத் தேர்ந்து அனுப்பியவர் காரன்வாலிஸ்.

அதே காரன்வாலிஸ் அதே சமயத்தில் வங்காளத்தில் செய்தது நேர்மாறு. 1793 மார்ச் 22ஆம் தேதி அறிவித்த திட்டத்தில் ஜமீன்தாரை நிலத்துக்கு உடைமையாளன் ஆக்கினார். வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு கம்பெனிக்கு, ஒரு பங்கு ஜமீன்தாருக்கு, தொகை என்றைக்கும் மாறாது. கம்பெனியின் வருவாய் அதிகாரி ஜான் ஷோர் முதலில் பத்து வருடம் வைத்துப் பார்க்கலாம் என்று வாதாடினார். காரன்வாலிஸ் கேட்கவில்லை. கம்பெனி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காட்டு மிருகங்கள் வாழ்கிற காடு, பத்து வருடக் குத்தகையை நம்பி எவன் அதை வெட்டித் திருத்துவான் என்பது அவர் கேள்வி. சஃபோக்கில் நிலம் வைத்திருந்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்திருக்கிறது. அவர் ஊரில் நிலப்பிரபு வடிகால் வெட்டுவான், வேலி போடுவான், குத்தகைக்காரனோடு பல தலைமுறை உறவு வைத்திருப்பான். வங்காள ஜமீன்தாரும் அப்படி ஆகிவிடுவான் என்று மனதார நம்பினார். நடந்தது என்ன? குறித்த நாள் சூரியன் மறைவதற்குள் தொகை கட்டாவிட்டால் ஜமீன் ஏலம். பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, நிலத்தைக் கண்ணால் பார்க்காத பணக்காரர்கள் வாங்கினார்கள், உழுதவனுக்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை.

1802க்குப் பிறகு அந்த முறை நம் பக்கமும் வந்தது. ரீடும் மன்றோவும் வயல் வயலாக அளந்து வைத்த பாரமகாலையும் சேலத்தையும் துண்டு துண்டாக்கி, மிட்டா என்று பெயர் வைத்து ஏலம் விட்டார்கள். வாங்கினவர்களில் பலர் கட்ட முடியாமல் விழுந்து, அந்த மிட்டாக்கள் திரும்ப சர்க்காரிடமே வந்தன. தப்பித்த மிட்டாக்கள் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் வரை நீடித்தன. எங்கள் மூலப்பத்திரங்களில் வருகிற பெயருக்கு இதுதான் கதை. முழுசாகப் புரிந்த அன்று இரண்டாம் தொகுதியின் ஓரமெல்லாம் பென்சில் ஆகிவிட்டது.

வருடம் ஐந்நூறு பவுனுக்கு மேல் சம்பளமுள்ள பதவிகளில் இந்தியர்களுக்கு இடமில்லை என்று ஆக்கியதும் இவர் காலத்தில்தான். கம்பெனி ஆட்களின் லஞ்சத்தை ஒழிக்கச் சம்பளத்தை உயர்த்தியவர், நம் ஆட்களுக்கு அதே மருந்தைத் தர மறுத்தார். அவர் நேர்மையை நான் மதிக்கிறேன், இதை மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் தொகுதி பெரும்பாலும் அயர்லாந்து. 1798 முதல் 1801 வரை அங்கே ஆட்சித் தலைவர். பிரிட்டன், அயர்லாந்து என்ற இரு பாராளுமன்றங்களையும் இணைக்க வாக்குகளைப் பதவி கொடுத்து வாங்க வேண்டியிருந்ததை எவ்வளவு அருவருத்தார் என்று கடிதங்களில் தெரிகிறது. ஆனாலும் செய்தார். கத்தோலிக்கர்களுக்கு உரிமை தருவதை ராஜா மறுத்ததும் பதவியை விட்டார். 1802இல் பிரான்ஸோடு செய்த ஆமியன் சமாதானத்தில் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டார். 1805 ஜூலையில் மறுபடி கல்கத்தா, அக்டோபர் 5ஆம் தேதி காஜிபூரில் மரணம். அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது. அவர் மகனுக்கு ஆண் வாரிசு இல்லாததால் மார்க்வெஸ் பட்டம் 1823இல் முடிந்தது. இந்தத் தொகுதியை நான் கொஞ்சம் வேகமாகத்தான் படித்தேன். அயர்லாந்து அரசியல் தெரிந்தவர்களுக்கு இதுவே முதல் தொகுதியைவிட ருசிக்கலாம்.

விலை. பக்கம் ஒன்றுக்கு ஒரு ரூபாய், அதாவது ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு, அதில் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் வந்துவிடும். தைத்துக் காலிகோ போட்டால் பைண்டிங்குக்குத் தனியாக நூற்றெண்பது. ஆக ஒரு தொகுதி ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தாள் 70 ஜிஎஸ்எம்மில் கேட்டால் பின்பக்க எழுத்து தெரிகிறது, 75 வாங்குங்கள். முதுகில் பெயர் அச்சிடுகிற வசதி கிடையாது, லேபிள் ஒட்டித் தருவார்கள். முன்பணம் பாதி. ஃபைலை மெயிலில் அனுப்பினால் பார்க்க நாளாகிறது, பென்டிரைவோடு நேரில் போவதே மேல். போகும்போது உள்பக்க ஓரம் எவ்வளவு வேண்டும் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தையலுக்குள் எழுத்து போய்விடும்.

அடுத்ததாக மன்றோவின் கடிதங்களை அங்கேயே கொடுத்திருக்கிறேன். வெளி ஓரத்தை அரை அங்குலம் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன், தர்மபுரி வருகிற பக்கங்களில் எழுத நிறைய இருக்கும்.